முன்பக்கக் கண்ணாடியில் குங்குமம்

20.11.2024
சுரங்கக் காவல் முகாம், ஜார்க்கண்ட்

அக்கா,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. உறைமேல் தபால்காரர் 'பெற மறுப்பு' என்று எழுதியிருந்தார். மறுத்தது மாமாவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நீதான் என்றாலும் சரி. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அம்மா போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் இதை வீட்டுக்கு அனுப்பாமல், திருவொற்றியூரில் நீ வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புகிறேன். கடை ஓனர் முன்னால் கிழித்துப்போட உனக்குக் கூச்சமாக இருக்கும் என்ற நம்பிக்கையில்.

சைமன் அண்ணனைச் சுட்டது நான் இல்லை. அன்று நான் வாசலில்கூட இல்லை. உள்ளே ஆயுத அறையில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது நீங்கள் எல்லோரும் தரையில் படுத்திருந்தீர்கள். உன் பச்சைப் புடவையைத்தான் முதலில் தேடினேன். அது அசைந்தது. அதன் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.

மறுநாளே என்னை இங்கே மாற்றிவிட்டார்கள். எண்ணூரில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்துக்குக் காவல், இங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குக் காவல். எங்கே போனாலும் மூக்கைச் சிந்தினால் கறுப்புதான்.

துறை விசாரணை நடக்கப்போகிறது. அதில் என் பெயரும் இருக்கிறது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

மகிமா அண்ணி எப்படி இருக்கிறார்கள்? கேட்க உனக்கு வாய் இருக்கிறதா என்பாய். கேட்கிறேன்.

செங்குட்டுவன்

*

2.12.2024
எண்ணூர்

செங்குட்டுவனுக்கு,

கடை ஓனர் கவரை நீட்டி, "இன்னா அம்மு, மிலிட்டரில இருந்து லெட்டர் வந்து கீது, யார்ரா அது?" என்று கேட்டார். தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவர் என்றேன். இப்போது உன் நிலைமை அதுதான், தெரிந்தவர்.

மகிமா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். சாப்பிடுகிறாள். மீன் கூடை தூக்குகிறாள். சாயந்திரம் ஆனால் சைமனுடைய செருப்பை வாசலில் எடுத்து வைக்கிறாள், காலையில் உள்ளே எடுத்து வைக்கிறாள். போதுமா?

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வியாசர்பாடியில் இருந்து காதலித்து வந்தவளை இந்தக் குப்பம் ஏற்றுக்கொள்ளவே வருடக்கணக்கானது. அப்படி ஏற்றுக்கொள்ள வைத்ததில் பெரிய பங்கு சைமனுக்கு. "எத்திராஜு பொண்டாட்டின்னா எனுக்குத் தங்கச்சி, எவனாவது பேசுனீங்க..." என்று தெருவில் நின்று கத்தியவன் அவன். இப்போது தண்ணீர் லாரி வந்தால் என் குடத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். யாரும் திட்டுவதில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். உன் மாமா படகில் ஏறுவதில்லை. இரண்டு பேர் தள்ள வேண்டிய படகு, ஒருவன் இல்லை.

அன்று நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலந்து, இறால் எல்லாம் செத்து மிதந்தது. கேட்பதற்கு யாரும் வராததால் நாங்களே கேட்கப் போனோம். முந்தின நாள் ஆயுத பூஜை. உங்கள் கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தது. பூசணிக்காய் உடைத்து, குங்குமத்தோடு ரோடெல்லாம் கிடந்தது. அதற்கு நடுவில்தான் உட்கார்ந்தோம். சைமன் மட்டும் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தான். நீலச் சட்டை. உங்கள் இன்ஸ்பெக்டர் மைக்கில் "முட்டிக்குக் கீழ" என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஆனால் சொல்லும்போது அவன் விரல் எங்கே நீண்டது என்று நான் பார்த்தேன். மைக்கில் ஒன்று, விரலில் ஒன்று.

சைமன் உட்கார்ந்தான் என்றுதான் நினைத்தேன். ரோட்டில் சிவப்பாக இருந்ததைப் பூசணிக்காய் என்று நினைத்தேன். மகிமா கத்தும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பேப்பரில் போட்டிருக்கிறான்: 'பூஜைக் குங்குமத்தால் குறி தவறியது.' துப்பாக்கியில் ஏதோ கண்ணாடி இருக்கிறதாம், அதில் குங்குமம் படிந்து, காலுக்கு வைத்த குறி நெஞ்சுக்குப் போய்விட்டதாம். அந்தக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியவன் துடைக்கவில்லையாம். பெயர் போடவில்லை. எங்களுக்குப் பெயர் தெரியாதா?

அது என்ன கண்ணாடி? நீ அங்கே என்னதான் வேலை செய்தாய்? மழுப்பாமல் எழுது. போனில் வேண்டாம். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன்.

அம்மு

*

14.12.2024
ஜார்க்கண்ட்

அக்கா,

நீ கிழிக்காமல் படித்தாயே, அதற்காகவே எல்லாம் எழுதலாம்.

அதற்குப் பெயர் ரெட் டாட். துப்பாக்கியின் மேலே திருகி வைக்கிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய குழாய். முன்னும் பின்னும் கண்ணாடி. உள்ளே பேட்டரியில் எரியும் ஒரு துளி வெளிச்சம். பின்னாலிருந்து பார்த்தால் எதிரே இருக்கும் ஆள்மேல் சிவப்பாக ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கும். அந்தப் புள்ளி வெளியே போகாது, எதிரில் இருப்பவருக்குத் தெரியாது, சுடுகிறவனுக்கு மட்டும் தெரியும். புள்ளி எங்கேயோ குண்டு அங்கே. அப்படி இருக்கும்படி முதலிலேயே சுட்டுச் சுட்டுத் திருகித் திருத்தி வைக்க வேண்டும். அதைச் செய்தது நான்.

பழைய துப்பாக்கியில் முனையில் இருக்கும் முள்ளைப் பார்த்துச் சுடுவோம், ஆள் மங்கலாகத் தெரிவான். இதில் புள்ளியைப் பார்க்கவே கூடாது. ஆளைப் பார்க்க வேண்டும், புள்ளி தானாக வந்து அவன்மேல் நிற்கும். ஒரு கண்ணை மூடவும் கூடாது, இரண்டும் திறந்திருக்க வேண்டும். பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே கத்தியது இதைத்தான்: "புள்ளியப் பாக்காத, ஆளப் பாரு!"

என் வேலை துடைப்பது என்று பேப்பரில் போட்டால் ஏதோ டீக்கடை டேபிள் மாதிரி இருக்கிறது. எண்ணூரில் அது லேசான வேலை இல்லை. காற்றில் உப்பு, அதோடு சாம்பல். உங்கள் ஆற்றில் கலந்த அதே சாம்பல்தான் என் கண்ணாடியிலும் படியும். அது கண்ணாடித்தூள் மாதிரி. துணியால் நேரே துடைத்தால் கீறிவிடும். முதலில் ரப்பர் பந்தால் காற்றை ஊதித் தள்ள வேண்டும், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி. பனியனால் துடைக்கிறவனை நான் அடிக்கவே போயிருக்கிறேன். திருகு தளர்ந்ததா என்று தினமும் பார்ப்பேன். பேட்டரி தீர்வதற்கு முன்பே மாற்றிவிடுவேன். வெளிச்சத்தை அதிகமாக வைத்தால் புள்ளி வீங்கி ஆளையே மறைக்கும், அதனால் குறைத்து வைக்கச் சொல்லிக்கொடுப்பேன். அந்த முகாமில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆயுத பூஜை அன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். நம் வீட்டில் சாமி, பூஜைப் பழக்கம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஓரமாக நின்றேன். என்னோடு பயிற்சி எடுத்த கிருஷ்ணப்பன், மறுநாள் சுட்டவன், தன் துப்பாக்கியின் ரெட் டாட் கண்ணாடியிலேயே பெரிதாக ஒன்று வைத்தான், "இதான்டா கண்ணு, கண்ணுக்கு வெக்காம எங்க வெக்கறது?" என்று சிரித்துக்கொண்டு. எண்ணெயில் குழைத்த குங்குமம்.

பூஜை முடிந்து ஆயுதங்கள் அறைக்குத் திரும்பியதும் மற்ற இடங்களில் இருந்த பொட்டுகளையெல்லாம் விட்டுவிட்டுக் கண்ணாடிகளை மட்டும் சுத்தம் செய்தேன். இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி வந்து பார்த்தார். அவர் தென்காசிப் பக்கம். "ஏலே, சாமிக்கு வச்சதத் தொடைக்கியா? ஒங்க ஆளுகளுக்குச் சாமி இல்லன்னா எங்களுக்கும் இல்லாமப் போயிருமாலே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவரே கிண்ணத்தை எடுத்து, நான் துடைத்த கண்ணாடிகளில் திரும்ப வைத்தார். தானாக உதிரும்வரை யாரும் தொடக் கூடாது என்றார். மறுநாள் காலையில் நீங்கள் வாசலுக்கு வந்துவிட்டீர்கள்.

அன்று துடைத்ததற்குத் திட்டு. இன்று துடைக்கவில்லை என்று தண்டனை. இரண்டையும் கொடுப்பது ஒரே ஆள்.

கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான்: கண்ணாடியைச் சுத்தம் செய்யாமல் கொடுத்தது என் கவனக்குறைவு. போட்டால் வேலை இருக்கும், பதவி உயர்வு மட்டும் தள்ளிப்போகும்.

அக்கா, கண்ணாடியில் குங்குமம் இருந்தது உண்மை. அதனால் பாதி உண்மைக்குத்தானே கையெழுத்து?

செங்குட்டுவன்

*

29.12.2024
எண்ணூர்

குட்டா,

பாதி உண்மையா? ஜெராக்ஸ் எடுக்கிறவள் நான். பாதிப் பக்கம் காப்பி எடுத்துக் கொடுத்தால் கஸ்டமர் மூஞ்சியில் அடிப்பான்.

போன ஞாயிறு வியாசர்பாடிக்குப் போயிருந்தேன். அம்மா வீட்டில் கிருஷ்ணப்பன் உட்கார்ந்திருந்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். அவன் புளியந்தோப்பு வீட்டில் நீ எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாய், நம் வீட்டில் அவன் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறான். அந்த உரிமையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

"ரமாபாயிம்மா, நானும் செங்கும் ஒரே தட்டுல துன்ன தோஸ்துங்க. அவனுக்கு நான் கெட்டது நெனப்பனா?"

நான் வாசலிலேயே நின்று கேட்டேன், "நல்லது நெனைக்கறவன் இன்னாத்துக்குடா எங்க குப்பத்து ஆளுங்க மேல துப்பாக்கியத் தூக்குன?"

"அக்கா, பேஜார் பண்ணாத. ஆர்டர் அது. முட்டிக்குத்தான் வெச்சேன். மெய்யாலும். கண்ணாடி ஃபுல்லா குங்குமம், ஒண்ணியும் தெர்ல. ஆள் எங்க கீறான், கால் எங்க கீதுன்னே தெர்ல."

"தெர்லன்னா இன்னாத்துக்கு சுட்ட?"

அவன் ஆப்பிள் பையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். பிறகு அம்மாவைப் பார்த்தே பேசினான். "செங்கு கையெழுத்துப் போட்டான்னா பிரமோசன் மட்டும்தான் கட்டு. வேல எங்கியும் போவாது. போடலன்னு வெச்சிக்கோ, நான் உள்ள போவேன். எனுக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைங்கம்மா."

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "அவன் போடுவாம்பா. நீ தைரியமா போ." அவன் போன பிறகு என்னிடம் கத்தினாள். "இந்த பில்டிங்குல கவருமெண்டு யூனிபாரம் போட்டவன் அவன் ஒர்த்தன்தான். அதியும் புடுங்கிடாதடி. செத்தவன் திரும்பி வருவானா?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் கடைசி வரை காண்ட்ராக்டில் இருந்து செத்தவர். உன் யூனிபாரத்தை அவள் இஸ்திரி போடக் கொடுக்கவே மாட்டாள், அவளேதான் போடுவாள். யூனிபாரம் என்றால் அவளுக்கு என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும். சைமன் சாவுக்கு அவள் அழுதாள். ஆனால் உனக்காக அதைவிட அதிகமாக அழுவாள்.

நான் ஒன்றைத்தான் கேட்கிறேன். குங்குமம் அப்பியிருந்தால் உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா? கிருஷ்ணப்பன் சொன்னது நிஜமா? உனக்குத் தெரியும். பெருமைக்காரன் நீ, உனக்குத் தெரியாமல் இருக்காது.

அம்மு

*

11.1.2025
ஜார்க்கண்ட்

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றினேன். பதில் தெரியாமல் இல்லை.

கிருஷ்ணப்பன் குங்குமத்தை வைத்தது முன்பக்கக் கண்ணாடியில். இன்ஸ்பெக்டர் திரும்ப வைத்ததும் அங்கேதான். முகத்துக்குப் பொட்டு வைக்கிற மாதிரி எதிரே நின்று வைத்தார்கள். சுடுகிறவனுடைய கண் இருப்பது பின்பக்கம். பின்பக்கக் கண்ணாடி சுத்தமாக இருந்தது, அதற்கு நான் பொறுப்பு. முன்பக்கம் முழுக்க அடைத்தாலும் உள்ளே எரியும் புள்ளி வலது கண்ணுக்குத் தெரியும். இடது கண்தான் வெளியே திறந்திருக்கிறதே, அது ஆளைப் பார்க்கும். மூளை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆள்மேல் புள்ளி நிற்கும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்களுக்குப் பயிற்சியே அதுதான். முன்பக்கக் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டுச் சுடச் சொல்வார்கள், இரண்டு கண்ணையும் திறந்து வைக்கும் பழக்கம் வருவதற்காக. ஒரு கண்ணை மூடுகிறவனுக்கு டேப் மட்டும்தான் தெரியும், மாட்டிக்கொள்வான். குறி பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளும். முழங்காலுக்கு வைத்தது நெஞ்சுக்கு ஏறாது. எங்கள் அணியில் டேப் ஒட்டிய கண்ணாடியில் நன்றாகச் சுட்டவன் யார் என்று நீ கேட்பாய். கிருஷ்ணப்பன்.

இது என்னோடு பயிற்சி எடுத்த எல்லோருக்கும் தெரியும். விசாரணை அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். எல்லோரும் தெரிந்துகொண்டே குங்குமம் குங்குமம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் இதைச் சொன்னால் மாட்டுவது கிருஷ்ணப்பன். விரல் நீட்டியவர் தப்பிப்பார். மைக்கில் முட்டி என்றுதானே சொன்னார்? விரலுக்கு யார் சாட்சி, நீயா? குப்பத்துக்காரி சொன்னால் எழுதிக்கொள்வார்களா? புளியந்தோப்புக்காரனை வியாசர்பாடிக்காரன் காட்டிக்கொடுத்தான் என்று முடியும். கலீஜான விளையாட்டு அக்கா இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் ஆளில் ஒருவன்தான் விழுகிறான்.

பொங்கலுக்கு லீவு இல்லை. கேட்கவும் இல்லை.

குட்டான்

*

21.1.2025
எண்ணூர்

குட்டா,

நீ சொல்வது சரி. எந்தப் பக்கமும் நம் ஆள்தான். ஆனால் ஏற்கெனவே ஒருவன் விழுந்துவிட்டான், அவனைக் கணக்கில் சேர்க்காமல் பேசுகிறாய். சைமன் நம் ஆள் இல்லையா? அவன் எங்கள் ஆள் மட்டும்தானா?

நேற்று மகிமாவைத் தாசில்தார் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு பேப்பரைப் படித்துக் காட்டினார்களாம். 'விபத்து' என்று. அவள் படித்தவள். "ஆக்சிடெண்டுன்னா லாரியா வந்து மோதுச்சு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நீ கையெழுத்துப் போட்டால் உனக்கு வேலை இருக்கும், கிருஷ்ணப்பனுக்கு வீடு இருக்கும், இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் இருக்கும். சைமனை யாரும் கொல்லவில்லை என்று ஆகிவிடும். பாழாய்ப்போன ஒரு கிண்ணம் குங்குமம் கொன்றது என்று ஆகிவிடும். அப்புறம் அடுத்த முறை நாங்கள் கேட்டுக்குப் போகும்போது உன் கண்ணாடிகள் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

கிருஷ்ணப்பனுக்கு வாய் இருக்கிறது. யார் விரல் நீட்டினார்கள் என்று அவன் சொல்லட்டும். அவனுக்காக நீ பொய் சொல்லும்வரை அவன் உண்மை பேச மாட்டான்.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவள் என்னோடும் பேச மாட்டாள். பழகிவிட்டது.

அம்மு

*

25.2.2025
ஜார்க்கண்ட்

அக்கா,

விசாரணை முடிந்தது. ராஞ்சிக்குப் பக்கத்தில் சுடுதளம் இருக்கும் இடத்தில் வைத்தார்கள். கிருஷ்ணப்பனையும் இன்ஸ்பெக்டரையும் வரவழைத்திருந்தார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. துடைத்ததைச் சொன்னேன், திரும்ப வைத்தது யார் என்று சொன்னேன். உச்சிமாகாளி சாதாரணமாக, "இவனுக்குச் சாமின்னாலே ஆவாது சார், வேணும்னே தொடைக்காம விட்டிருப்பான்" என்றார். பொட்டு வைத்த அன்று நான் துடைத்ததற்காக அவர் என்னைத் திட்டியதைக் கேட்டவர்கள் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள். இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

பிறகு டேப் பயிற்சியைச் சொன்னேன். விசாரணை அதிகாரி வட இந்தியர், மரியாதையானவர், எனக்கு டீ கொடுக்கச் சொன்னார். "சரி, பார்த்துவிடலாம்" என்று எல்லோரையும் சுடுதளத்துக்கு அழைத்துப்போனார். அவருக்கு உண்மை வேண்டும் என்று அப்போது நம்பினேன். அதே மாதிரித் துப்பாக்கி, அதே மாதிரி ரெட் டாட். முன்பக்கக் கண்ணாடியில் டேப். எண்ணூர் கேட்டில் இருந்த அதே தூரம், அறுபது மீட்டர். ஆள் உருவம் வரைந்த அட்டை. கிருஷ்ணப்பனிடம் கொடுத்து, முழங்காலுக்குச் சுடச் சொன்னார்.

அவன் தப்பாகச் சுடுவான் என்றுதான் நினைத்தேன். வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் போதுமே, தப்பித்துவிடலாமே. என்னை ஒருமுறை பார்த்தான். துப்பாக்கியைத் தோளில் வைத்தான். ஐந்து குண்டும் முழங்காலில், உள்ளங்கை அளவு இடத்துக்குள்.

அவன் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வரும்போது என் பக்கத்தில் வந்தான். "இன்னாடா பண்றது மாமு, கை போய்டிச்சு" என்றான். கை பழக்கத்தில் போனதா, அவனே அனுப்பினானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். "விரல் நீட்னத சொல்லுடா, இப்பயாவது சொல்லு." தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டான். ஆமாம் என்றா, மாட்டேன் என்றா, அதுவும் தெரியவில்லை.

விசாரணை அதிகாரி காரில் ஏறும்போது என் தோளைத் தட்டினார். "இன்று வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அன்று புகையும் கூட்டமும் இருந்திருக்கும், இல்லையா?" என்றார். சுடுதளத்தில் நடந்த எதையும் அவர் கூட வந்தவர் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவையே எடுக்கவில்லை அக்கா. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குட்டான்

*

2.4.2025
எண்ணூர்

குட்டா,

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. உனக்கு வந்திருக்கும். எங்களுக்கு வக்கீல் அஜீசுன்னிசா வாங்கிக் கொடுத்தார். ராயபுரத்தில் இருக்கிறார், மகிமாவுக்காக ஐகோர்ட்டில் வழக்குப் போடுகிறார். காப்பி எடுக்க நம் கடைக்கே வந்தார், நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு பக்கமும் சூடாக வெளியே வரும்போது படித்தேன். 'எதிர்பாராத விபத்து. குறிக்கண்ணாடியைப் பராமரித்த காவலர் கடமை தவறியதாலும், விசாரணையில் பொய் சொன்னதாலும் பணிநீக்கம்.' துடைத்தது, திரும்ப வைத்தது, டேப், ஐந்து குண்டு, எதுவும் இல்லை. கிருஷ்ணப்பனுக்கு மாற்றல். இன்ஸ்பெக்டர் பெயரே இல்லை, 'பொறுப்பு அதிகாரி' என்று ஒரே ஒரு இடத்தில்.

கடையில் நின்று அழக் கூடாது என்று மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டதாகச் சொல்லிக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா உன் பழைய யூனிபாரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கிழிக்கவில்லை. என்னோடு பேசவில்லை. நான் போனால் கதவைத் திறக்கிறாள், அவ்வளவுதான். கிருஷ்ணப்பன் பெண்டாட்டி ஒருநாள் வந்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாளாம். அவள் புருஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் தூற்றினாள். சனங்கள் பயந்தால் எதையாவது வாரித் தூற்றித்தான் ஆக வேண்டும் போல.

உன் சாட்சி வேண்டும் என்கிறார் வக்கீல். ஐகோர்ட்டில் நிற்க வேண்டும். டேப் ஒட்டிக் காட்ட வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்போம் என்கிறார். ஜெயிப்போமா என்று கேட்டேன். "தெரியாது, ஆனா எழுதிக்க வெப்பேன்" என்றார். எனக்கு அது போதும்.

ஊரில் பேசிவிட்டேன். நான் பேசவில்லை, மகிமா பேசினாள். கூட்டத்தில் எழுந்து, "அவன் வரட்டும், எம் மூஞ்சப் பாத்துச் சொல்லட்டும்" என்றாள். கூட்டம் அதோடு கலைந்தது. அதனால் வா. இருட்டில் வராதே, திருடன் மாதிரி இருக்கும். மீஞ்சூர் ரயிலில் ஏறிப் பகலில் எண்ணூரில் இறங்கு, மாமா ஸ்டேஷனுக்கு வருவார். தெரு நடுவில் நடந்து வா.

ஒரு விஷயம். மகிமா உன் கடிதங்களைப் படித்துவிட்டாள். நான்தான் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. டேப், முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் கேட்டாள், எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கடைசியில் ஒன்று கேட்டாள், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "சுட்டவன் அவர் மூஞ்சியப் பாத்துகினுதான் சுட்டானா, பாக்காம சுட்டானா?" அவன் பார்க்கவில்லை என்றால் அவளுக்குக் கொஞ்சம் தேறும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வருவதற்குள் அவளுக்கு என்ன சொல்வது என்று எழுது. நேரில் வந்து நீ தடுமாறினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அம்மு

*

10.4.2025
ஜார்க்கண்ட்

அக்கா,

யூனிபாரத்தை இங்கேயே ஒப்படைத்துவிட்டேன். ரயிலில் டிக்கெட் கிடைத்ததும் கிளம்புகிறேன்.

மகிமா அண்ணியிடம் தேறுதலுக்காக எதுவும் சொல்லாதே. இதைப் படித்துக் காட்டு.

பார்த்தான். அந்தக் கண்ணாடி எதையும் பெரிதாக்காது, சிறிதாக்காது. நீங்கள் கூட்டத்தில் இருந்து பார்த்த அதே அளவில் சைமன் அண்ணன் அவனுக்குத் தெரிந்திருப்பார். புள்ளியைப் பார்க்காதே, ஆளைப் பார் என்றுதான் எங்களைப் பழக்கினார்கள், அவன் நன்றாகப் பழகியவன். குங்குமம் மறைத்தது வலது கண்ணை மட்டும்தான். இடது கண்ணுக்கு முன்னால் எதுவுமே இல்லை அண்ணி. கண்ணாடிகூட இல்லை.

செங்குட்டுவன்